நிபந்தனை வாக்கியம் போதிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

உயர்நிலைப் பள்ளிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதித்துவரும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

ஆங்கில இலக்கணத்தில் பிள்ளைகள் மிகவும் சிரமப்படும் பகுதி எது என்று தங்களில் யாரைக் கேட்டாலும், வினைக் காலங்களுக்கும் செயப்பாட்டு வினைக்கும் அடுத்தபடியாக, 'இஃப் கிளாஸ்' என்று வகுப்பறையில் வழங்கும் நிபந்தனை வாக்கியத்தையே சொல்வீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பாடத்தைப் போதிப்பதற்கென்று நம்மிடையே ஒரு சம்பிரதாயமும் நிலைபெற்றுவிட்டது. கரும்பலகையில் ஒரு கட்டம் போட்டு, இடப்பக்கத்தில் 'இஃப்' வரும் துணை வாக்கியத்தின் காலத்தையும் வலப்பக்கத்தில் தலைமை வாக்கியத்தின் காலத்தையும் எழுதி, நிகழ்காலத்துக்கு எதிரே 'வில்', இறந்தகாலத்துக்கு எதிரே 'வுட்', 'ஹாட்' சேர்ந்த இறந்தகாலத்துக்கு எதிரே 'வுட் ஹாவ்' என்று மூன்று வரிசைகளை நிரப்பி, அவற்றுக்கு டைப் ஒன், டைப் டூ, டைப் த்ரீ என்று பெயரும் சூட்டிவிட்டால் பாடம் முடிந்ததாகக் கொள்கிறோம். பிள்ளைகளும் அதை மனனம் செய்து, கோடிட்ட இடத்தை நிரப்பி, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். அதே பிள்ளை நாலைந்து வருஷம் கழித்து நேர்முகத் தேர்வுக்குப் போய், எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரியிடம் 'எனக்கு இந்த வேலை கிடைத்தால்' என்று ஆங்கிலத்தில் தொடங்க நேரும்போது, 'இஃப் ஐ கெட்' என்பதா, 'இஃப் ஐ காட்' என்பதா என்று தெரியாமல் நடு வாக்கியத்தில் நின்றுவிடுகிறான். இரண்டில் எதைச் சொன்னாலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் முன்னதைச் சொன்னால் வேலை கிடைக்கக்கூடும் என்ற நம்பிக்கையோடு பேசுகிறான் என்றும், பின்னதைச் சொன்னால் தனக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று அவனே எண்ணுகிறான் என்றும் கேட்பவர் காதில் விழும். இந்த வித்தியாசத்தை நம் கட்டம் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

கட்டம் பொய் சொல்கிறது என்பது என் வாதமன்று. கேட்கவேண்டிய கேள்வியை அது கேட்கவில்லை என்பதே என் முறையீடு. எந்தக் காலத்தைப் போடுவது என்று பிள்ளை கேட்பதற்கு முன்னால், பேசுகிறவன் அந்த நிபந்தனையைப் பற்றி மனத்தில் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று கேட்கப் பழகவேண்டும். அது நடந்திருக்கலாம், நடக்கலாம் என்று அவன் வழியைத் திறந்து வைத்திருக்கிறானா, அல்லது அது இல்லை, நடக்காது, நடக்கவில்லை என்று முன்பே தீர்மானித்துவிட்டுப் பாவனையாக மட்டும் பேசுகிறானா? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், வினையின் வடிவம் தானாகவே வந்து பொருந்தும். தெரியாவிட்டால் மூன்று வகை அல்ல, முப்பது வகை வகுத்தாலும் பிள்ளை தடுமாறத்தான் செய்வான்.

பேருந்தில் தினமும் கேட்கிற ஒரு பேச்சை எடுத்துக்கொள்வோம். கண்டக்டர் சில்லறை கேட்கிறார். ஒருவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே, 'இருந்தால் தருகிறேன்' என்கிறார். அவருக்கே இன்னும் தெரியாது. பையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இன்னொருவர் பையை முழுவதும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சலிப்போடு, 'இருந்தால் தரமாட்டேனா?' என்கிறார். அவரிடம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், கண்டக்டருக்கும் தெரியும். தமிழில் இரண்டு இடத்திலும் 'இருந்தால்' என்பது ஒன்றுதான். அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியதெல்லாம் பின்னால் வந்த முடிவும், பேசிய தொனியும்தான். ஆங்கிலமோ இந்த வித்தியாசத்தை நிபந்தனைப் பகுதிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறது. முதலாமவர் ஆங்கிலத்தில் பேசினால் 'இஃப் ஐ ஹாவ் சேஞ்ச், ஐ வில் கிவ் இட்' என்பார். இரண்டாமவர் 'இஃப் ஐ ஹாட் சேஞ்ச், ஐ வுட் கிவ் இட்' என்பார். இருவரும் பேசுவது இந்த நிமிஷத்தைப் பற்றித்தான். நேற்றைய சில்லறையைப் பற்றி அன்று. 'ஹாட்' என்பதைக் கண்டதும் இறந்தகாலம் என்று பிள்ளை மொழிபெயர்த்துக்கொள்வதும், அதனால் 'எனக்குச் சில்லறை இருந்தது' என்ற பொருள் மனத்தில் ஓடுவதும், பிறகு எல்லாம் குழம்புவதும் இங்கேதான் ஆரம்பமாகின்றன.

தமிழனுக்கு இந்த இடம் கடினமாக இருப்பதற்குக் காரணம் அவன் புத்திக் குறைவு அல்ல. அவன் தாய்மொழி அந்தப் பேதத்தை வினையின் வடிவத்தில் காட்டாமல் வேறு வழிகளில் காட்டுகிறது என்பதுதான். 'பணம் மட்டும் இருந்தால்' என்று 'மட்டும்' சேர்ப்போம். 'வாங்கியே விடுவேனே' என்று ஏகாரத்தை நீட்டுவோம். மேலே கண்டதுபோல் வினாவாகத் திருப்பிக் கேட்போம். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்ற பழமொழியில், நடக்கவே நடக்காத ஒன்றைச் சொல்வதற்கு 'முளைத்தால்' என்ற சாதாரண வடிவமே போதுமானதாக இருக்கிறது. நாளை விதை முளைத்தால் தண்ணீர் விடு என்று சொல்லும்போதும் அதே வடிவம்தான். மீசை முளைக்காது, விதை முளைக்கும் என்ற லோக ஞானத்தை நம்பித் தமிழ் அந்தப் பேதத்தைக் கேட்பவனிடமே விட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் அதே பழமொழியைச் சொல்லவேண்டுமானால் மீசைக்கு 'ஹாட்' போடாமல் தப்ப முடியாது. ஆகவே பாடத்தைத் தமிழிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 'தெரிந்தால் சொல்கிறேன்', 'தெரிந்தால் சொல்லமாட்டேனா' என்ற இரண்டையும் பலகையில் எழுதி, இவற்றைச் சொன்னவர்களில் யாருக்கு விஷயம் தெரியாது என்பது நிச்சயம் என்று கேட்டால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட உடனே விடை சொல்லும். விடை வந்த பிறகு ஆங்கில வடிவத்தைக் காட்டினால், ஏற்கெனவே தன் மனத்தில் இருக்கும் ஒரு பேதத்துக்குப் புதிய அடையாளம் ஒன்று கிடைத்ததாக மட்டுமே அது உணரும்.

அடுத்ததாக, இறந்தகால வடிவம் ஏன் என்ற கேள்வி. பிள்ளைகள் இதைக் கேட்பதுண்டு. நாமும் 'அது அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள்' என்று சொல்லி நகர்ந்துவிடுவதுண்டு. ஆனால் இது நியாயமான கேள்வி. இதற்கு நியாயமான விடையும் உண்டு. டென்மார்க் தேசத்து மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பெர்ஸன் 1924-ல் வெளியிட்ட 'இலக்கணத்தின் தத்துவம்' என்னும் நூலில், உலகத்தில் ஓடும் காலம் வேறு, வினைச்சொல்லின் கால வடிவம் வேறு என்று திட்டமாகப் பிரித்துக் காட்டி, காலத்தைக் குறிக்காமல் வரும் கால வடிவங்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். மனிதன் கைக்கு எட்டாததைச் சொல்வதற்கு ஏற்கெனவே கைவிட்டுப் போன காலத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறான் என்று நாம் இதை விளங்கிக்கொள்ளலாம். போன நாள் நம்மைவிட்டு விலகியதுபோல, இல்லாத சில்லறையும் உண்மையிலிருந்து விலகி நிற்கிறது. விலகல் ஒன்றே இரண்டுக்கும் பொது. ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002-ல் வெளியிட்ட, 1,800 பக்கங்களுக்கு மேற்பட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில், டைப் ஒன், டைப் டூ என்ற எண்களைப் பின்பற்றாமல், நிபந்தனைகளைத் திறந்தவை என்றும் தொலைவானவை என்றும் இரண்டே இனமாக வகுத்திருப்பது இந்தக் கருத்தை அடியொற்றித்தான். விண்ணப்பம் செய்யும்போது 'கேன் யூ' என்பதைவிட 'குட் யூ' என்பது பணிவாக ஒலிப்பதும், 'ஐ வாண்ட் டு ஆஸ்க்' என்பதைவிட 'ஐ வாண்டட் டு ஆஸ்க்' என்பது மரியாதையாக இருப்பதும் அதே விலகலின் வேறொரு பயன்தான். கேட்பவரை நெருங்கி நெருக்காமல் ஓரடி தள்ளி நின்று கேட்கிற பாவனை அது.

இது ஏதோ வெள்ளைக்காரர்களின் விசித்திரம் என்று எண்ணவேண்டாம். நம் 'வந்தால்', 'செய்தால்', 'போனால்', 'கேட்டால்' என்ற சொற்களை உரித்துப் பாருங்கள். வந்த், செய்த், போன், கேட்ட் என்று ஒவ்வொன்றிலும் இறந்தகால அடிதான் இருக்கிறது. 'நாளைக்கு மழை பெய்தால்' என்று சொல்லும்போது பெய்யப்போகிற மழைக்கு இறந்தகால இடைநிலை எங்கிருந்து வந்தது என்று எந்தத் தமிழனும் வியந்ததில்லை. தொல்காப்பியர் எண்ணிச் சொன்ன ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளில் 'செயின்' என்பது ஒன்று. அதில் இறந்தகால அடையாளம் கிடையாது. பிற்காலத்தில் பெருவழக்குப் பெற்ற 'செய்தால்' என்பதில்தான் அது புகுந்து நிலைத்தது. ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழில் அந்த இறந்தகால அடி எல்லா நிபந்தனைக்கும் பொது. நடக்கக்கூடியதற்கும் அதுவே, நடக்காததற்கும் அதுவே. ஆங்கிலத்தில், நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் பற்றிப் பேசும்போது, அது நடக்காததற்கு மட்டும் உரிய அடையாளம். இந்த ஒற்றுமையையும் இந்த வேற்றுமையையும் சேர்த்தே சொல்லிவிட்டால், இறந்தகாலத்தைக் கண்டு பிள்ளை மிரளாது. அதே சமயம் 'நாளைக்கு மழை பெய்தால்' என்பதற்கு 'இஃப் இட் ரெயின்ட் டுமாரோ' என்று அசட்டையாக எழுதவும் செய்யாது.

சம்ஸ்கிருதம் கற்றவர்கள் தங்களில் இருப்பின் இன்னொரு சந்தோஷமும் காத்திருக்கிறது. நிறைவேறாத செயலைச் சொல்வதற்கென்றே பாணினி 'லிருங்' என்று ஒரு லகாரத்தை (வினைவடிவ வகையை) வகுத்து, அது வரும் இடத்தைக் கிரியாதிபத்தி, அதாவது செயல் கைகூடாமற்போதல், என்ற சொல்லால் குறித்தார். மழை நன்றாகப் பெய்திருந்தால் நாடு செழித்திருக்கும் என்பது போன்ற வாக்கியத்தைக் கொண்டே அதைப் பாடசாலைகளில் விளக்குவார்கள். அதன் உருவத்தைப் பாருங்கள்: 'பவிஷ்ய' என்ற எதிர்கால அடியின் முன்னால் இறந்தகாலத்துக்குரிய அகரம் சேர்ந்து 'அபவிஷ்யத்' ஆகிறது. ஆங்கிலத்தின் 'வுட்' என்பதும் 'வில்' என்பதன் இறந்தகால வடிவமே. எதிர்காலத்தை இறந்தகாலமாக்கினால் நடவாதது கிடைக்கும் என்ற கணக்கை, கங்கைக்கரையிலும் தேம்ஸ்கரையிலும் தனித்தனியே போட்டுப் பார்த்து ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள். சம்ஸ்கிருதத்தில் இந்த வடிவம் நிபந்தனை, விளைவு என்ற இரு பக்கமும் வரும்; நம் பிள்ளைகள் 'இஃப் ஐ வுட் ஹாவ் ஸ்டடீட், ஐ வுட் ஹாவ் பாஸ்ட்' என்று இரு பக்கமும் 'வுட் ஹாவ்' எழுதும்போது, ஆங்கிலத்தில் தோற்றாலும் சம்ஸ்கிருதத்தில் தேறியிருப்பார்கள் என்று நான் வேடிக்கையாக நினைத்துக்கொள்வதுண்டு.

அந்தப் பிழையைத் திருத்துவதற்கும் தமிழே கைகொடுக்கும். 'படித்திருந்தால் தேறியிருப்பேன்' என்பதை அணுவணுவாகப் பார்ப்போம். 'படித்திருந்தால்' என்பதில் 'இருந்த்' என்ற இறந்தகால அடி இருக்கிறது. 'தேறியிருப்பேன்' என்பதில் 'இருப்ப்' என்ற எதிர்கால அடி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹாட் ஸ்டடீட்' என்பது இறந்தகாலத் துணைவினை. 'வுட் ஹாவ் பாஸ்ட்' என்பது எதிர்காலத் துணைவினையிலிருந்து பிறந்தது. 'இருந்தால்' இருக்கும் பக்கத்துக்கு 'ஹாட்', 'இருப்பேன்' இருக்கும் பக்கத்துக்கு 'வுட் ஹாவ்' என்று நேருக்கு நேர் பொருந்துகிறது. தமிழில் இரு பக்கமும் 'இரு' என்ற ஒரே வினை வருவதால்தான் பிள்ளை ஆங்கிலத்திலும் இரு பக்கமும் ஒன்றையே போட்டுவிடுகிறது என்று எனக்குப் படுகிறது. இடைநிலை வேறு என்பதைச் சுட்டிக்காட்டினால் அந்தப் பிழையின் வேர் அறுந்துவிடும். நடந்து முடிந்த காலத்தில் நடவாததைச் சொல்லும் இந்த வகையைக் கட்டத்தின் மூன்றாம் வரிசை என்று கடைசியில் ஒதுக்கிவைத்து மார்ச் மாதத்தில் அவசரமாக முடிக்கிறோம். தமிழ்ப் பிள்ளைக்கு மூன்றிலும் எளிதாக வசப்படுவது இதுதான். முதலில் போதிக்க வேண்டியதே இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வகையின் சக்தியைக் காட்ட ஓர் உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜே. சி. ஸ்கொயர் என்ற பத்திரிகாசிரியர் தொகுத்து 1931-ல் ஒரு நூல் வெளிவந்தது. சரித்திரம் வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலரும் அதில் எழுதினார்கள். வின்ஸ்டன் சர்ச்சிலும் ஒரு கட்டுரை தந்தார். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் நடந்த போரில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் தளபதி லீ தோற்றார் என்பது உலகறிந்த சரித்திரம். வேறு யாராக இருந்தாலும் 'லீ வென்றிருந்தால்' என்று தலைப்பு வைத்திருப்பார்கள். சர்ச்சில் வைத்த தலைப்போ 'கெட்டிஸ்பர்க் போரில் லீ வெல்லாதிருந்தால்' என்பது! ஒரு கணம் நின்று யோசித்தாலொழிய அச்சுப்பிழை என்றுதான் தோன்றும். லீ வென்றுவிட்ட ஒரு கற்பனை உலகத்தில் தாம் உட்கார்ந்துகொண்டு, அந்த உலகத்துச் சரித்திராசிரியனாக, 'அவர் ஒருவேளை வெல்லாமல் போயிருந்தால்' என்று அவர் கற்பனைக்குள் கற்பனை செய்கிறார். 'ஹாட் நாட் வன்' என்ற அந்த வினைவடிவம், வெல்லாமை நடக்கவில்லை, அதாவது லீ வென்றார், என்பதைப் பேசுகிறவர் உண்மையாகக் கொண்டிருக்கிறார் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது. கட்டுரை எந்த உலகத்திலிருந்து எழுதப்படுகிறது என்பதைத் தலைப்பிலுள்ள ஒரு வினையே அறிவித்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மணி நேரத்தை இந்தத் தலைப்புக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

கற்பனைக்கு மட்டுமன்றி நீதிமன்றத்துக்கும் இந்த வாக்கியம் இன்றியமையாதது. 1960-களில் லண்டனில் செல்ஸி பகுதி மருத்துவமனை நிர்வாகத்தின் மேல் ஒரு வழக்கு வந்தது. இரவுக் காவலர் மூவர் தேநீர் அருந்திய பின் விடாமல் வாந்தியெடுத்து, விடிந்ததும் அவசர சிகிச்சைப் பகுதிக்குப் போனார்கள். பணியிலிருந்த வைத்தியர் அவர்களை வந்து பார்க்காமலே, வீட்டுக்குப் போய்த் தங்கள் சொந்த வைத்தியரை அழைத்துக்கொள்ளும்படி தாதி மூலம் சொல்லியனுப்பிவிட்டார். சில மணி நேரத்தில் மூவரில் ஒருவர் இறந்தார். ஆர்சனிக் நஞ்சு என்று பின்னால் தெரிந்தது. அவருடைய மனைவி நஷ்ட ஈடு கேட்டார். வைத்தியர் கடமை தவறினார் என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. வைத்தியர் வந்து பார்த்திருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பாரா என்ற கேள்வி எழுந்தது. பார்த்திருந்தாலும், நோயை அறிந்து மாற்று மருந்தைக் கொண்டுவந்து செலுத்துவதற்குள் அவர் இறந்துதான் இருப்பார் என்று சாட்சியத்திலிருந்து தீர்ந்ததால், அந்தப் பெண்மணியின் கோரிக்கை தோற்றது. ஆங்கில நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் போதிக்கப்படும் இந்த வழக்கின் தீர்ப்பு முழுவதும், பிரித்துப் பார்த்தால், 'இஃப் ஹி ஹாட் பீன் ட்ரீட்டட், ஹி வுட் ஸ்டில் ஹாவ் டைட்' என்ற ஒரே வாக்கியத்தின் மேல் நிற்கிறது. நடவாத ஒன்றைத் தர்க்கரீதியாகப் பேசுவதற்கு ஒரு வடிவம் இல்லையென்றால், காரணம் எது, காரியம் எது என்று எந்த நீதிபதியாலும் நிர்ணயிக்க முடியாது.

இனி, நம் கட்டத்தில் இடமே பெறாத ஒரு வகை இருக்கிறது. அதைப் பற்றித்தான் தங்களிடம் எனக்கு உண்மையான குறை. இறந்தகாலத்தைப் பற்றிய நிபந்தனை எல்லாமே நடவாதது அன்று. நேற்று நடந்தது என்ன என்று தெரியாதவன், நடந்திருக்கலாம் என்ற எண்ணத்தோடு அனுமானம் செய்வதுண்டு. துப்பறிகிற ஓர் அதிகாரி, 'அவன் நேற்று அறையில் இருந்திருந்தால் எல்லாவற்றையும் கேட்டிருப்பான்' என்கிறார். அவன் இருந்தானா என்பது அவருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அவர் வந்திருக்கிறார். ஆங்கிலத்தில் அவர் 'இஃப் ஹி வாஸ் இன் த ரூம், ஹி ஹெர்ட் எவ்ரிதிங்' என்பார். இங்கே 'வாஸ்' என்பது அசல் இறந்தகாலம்; விலகலும் இல்லை, பாவனையும் இல்லை. அவன் அறையில் இல்லை என்பது நிச்சயமான பிறகு அதே அதிகாரி பேசினால்தான் 'இஃப் ஹி ஹாட் பீன் இன் த ரூம், ஹி வுட் ஹாவ் ஹெர்ட்' என்று வரும். தமிழில் 'இருந்திருந்தால் கேட்டிருப்பான்' என்பது இந்த இரண்டுக்கும் பொதுவாக நின்றுவிடுகிறது. ஆகவே நம் பிள்ளை இறந்தகால நிபந்தனை என்று கண்டவுடனே 'ஹாட்' போட்டுவிடுகிறான். போட்டவுடன், அறையில் இருந்தானோ இல்லையோ என்ற சந்தேகம், இல்லவே இல்லை என்ற சாட்சியமாக மாறிவிடுகிறது. சாட்சிக் கூண்டில் நின்று ஒருவன் இப்படி மாற்றிச் சொன்னால் வழக்கின் போக்கே மாறிவிடும். மூன்று வகைகளுக்கு எண் கொடுத்த கட்டம் இந்த நான்காவதை வெளியே நிறுத்திவிட்டது. எண்களை விட்டுவிட்டு, திறந்தது, தொலைவானது என்ற இரண்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் இன்றைக்கும் வரும், நேற்றைக்கும் வரும் என்று சொன்னால் எதுவும் வெளியே நிற்காது.

சில்லறை விஷயங்கள் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'அன்று படித்திருந்தால் இன்று வைத்தியனாக இருப்பேன்' என்பதுபோல், நிபந்தனை ஒரு காலத்திலும் விளைவு வேறொரு காலத்திலும் நிற்கலாம். 'இஃப் ஐ ஹாட் ஸ்டடீட் தென், ஐ வுட் பி எ டாக்டர் நவ்' என்று எழுதிய பிள்ளைக்கு, இரண்டு வரிசைகளைக் கலந்துவிட்டான் என்று சொல்லிச் சிவப்பு மை தீட்டாதீர்கள். 'இஃப் ஐ வெர்' என்பதிலுள்ள 'வெர்', பழைய ஆங்கிலத்தில் தனியாக இருந்த ஒரு வினைப்பாங்கின் எச்சம். எழுத்தில் அதையே போதிக்கலாம், பேச்சில் 'வாஸ்' என்று வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 'இஃப்' இல்லாமல் வினையை முன்னுக்குத் தள்ளி 'ஹாட் ஐ நோன்' என்பதும், அலுவலகக் கடிதங்களில் 'ஷுட் யூ நீட்' என்று வருவதும் நிபந்தனைதான் என்பதைப் பத்தாம் வகுப்புக்குள் ஒருமுறையேனும் காட்டிவிடுங்கள். 'இஃப் நாட்' என்பதற்குப் பதில் எங்கும் 'அன்லெஸ்' போடலாம் என்ற பயிற்சி மட்டும் ஆபத்தானது. தொலைவான நிபந்தனையில் அது பெரும்பாலும் பொருளைக் கெடுத்துவிடும். மற்றபடி, 'நான் பறவையாக இருந்தால் பறப்பேன்' என்ற அந்த நிரந்தரப் பறவைக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்பது என் தனிப்பட்ட ஆசை. பறவையாக விரும்பும் பிள்ளையை நான் இதுவரை சந்தித்ததில்லை. பேருந்துக்குச் சில்லறை இல்லாத பிள்ளைகளை நிறையச் சந்தித்திருக்கிறேன்.

இலக்கிய ருசி உள்ள வகுப்பாக இருந்தால் இரண்டு கவிதைகளை அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரட்யார்ட் கிப்ளிங் 1910-ல் வெளியிட்ட நூலில் இடம்பெற்ற 'இஃப்' என்னும் கவிதை, 32 அடிகளும் சேர்ந்து ஒரே வாக்கியம். நிபந்தனைக்கு மேல் நிபந்தனையாக அடுக்கி, விளைவைக் கடைசி இரண்டு அடிகளில்தான் தருகிறார். நிபந்தனைகள் எல்லாம் நிகழ்கால வடிவத்தில் இருக்கின்றன, விளைவில் 'வில்' வருகிறது. மகனால் இவையெல்லாம் முடியும் என்று தந்தை நம்புவதால் அந்த வடிவம். ஆண்ட்ரூ மார்வெல் எழுதி, அவர் காலமான பின் 1681-ல் அச்சான, நாணம் மிகுந்த காதலியிடம் பேசும் கவிதையோ 'ஹாட்' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. நமக்குக் காலம் வேண்டிய மட்டும் இருக்குமானால் உன் நாணத்தில் குற்றமில்லை என்று அவர் தொடங்குவது, காலம் இல்லை என்பதை முதற்சொல்லிலேயே ஒப்புக்கொண்டுதான். பின்வரும் வாதம் முழுவதும் அந்த ஒரு வினைவடிவத்திலிருந்து கிளைக்கிறது. கிப்ளிங்கின் நிகழ்காலத்தை இறந்தகாலமாக மாற்றிப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மகனைப் பற்றித் தந்தைக்கு நம்பிக்கை அற்றுப்போய்விடுவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்வார்கள்.

இறுதியாக, வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு தங்களில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ அவர்களிடம் ஒரு விண்ணப்பம். பேசுகிறவன் யார், அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஒன்றும் சொல்லாமல், 'இஃப் ஐ' என்று எழுதி ஒரு கோடு போட்டு, அடைப்புக்குள் ஒரு வினையைக் கொடுத்து நிரப்பு என்று கேட்பது, விடையில்லாத கேள்வியைக் கேட்பதாகும்; அங்கே 'ஹாவ்' என்றாலும் சரி, 'ஹாட்' என்றாலும் சரி. கோட்டுக்கு முன்னால், அவன் பையைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்றோ, தேடி முடித்துவிட்டான் என்றோ ஒரு வரி சேருங்கள். வரப்போகும் அரையாண்டுத் தேர்விலிருந்தே அந்த ஒரு வரியைச் சேர்த்து வினாத்தாள் எழுதுமாறு தங்கள் அனைவரையும் வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன் ஒருவன்